எல்லைக் கல்லை யார் நட்டது? நாடுகளின் வேலிச் சண்டையும் பழைய நில அளவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஒரு நில அளவையாளரிடம் இருபது வருடத்துக்கு மேல் படம் வரைந்தவன் நான். (இங்கே யாரும் நில அளவையாளர் என்று சொல்வதில்லை, சேவயர்தான்.) கச்சதீவு பற்றி ஏதாவது செய்தி வந்தால் போதும், தேநீர்க் கடையில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "பழைய பிளான் யாரிடம் இருக்கோ அவனுக்குத்தானே காணி? நாட்டுக்கும் அப்படித்தானே?" பாதி சரி, பாதி பிழை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பழைய அளவை என்றால் ஒரு பேப்பர்தானே, அது எப்படிச் சண்டையைத் தீர்க்கும்?

அளவை ஒன்று நடந்தால் மூன்று பொருள் மிஞ்சும். நிலத்தில் நட்ட கல், அளந்தவர் அன்றன்று வெயிலில் நின்று எழுதிய பீல்ட் புக், கடைசியாக வரைந்த படம். வழக்கு என்று வந்தால் எல்லோரும் படத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். மூன்றிலும் நோஞ்சான் அதுதான், ஏனென்றால் அது என்னைப் போல ஒருவன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பீல்ட் புக்கைப் பார்த்து வரைந்தது. கோட்டை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால், பெரிய பரப்பைச் சுருக்கிக் காட்டும் படத்தில் அது நிலத்தில் பல அடி நகர்ந்துவிடும்.

ஆங்கிலச் சட்ட மரபில் இதற்கு ஒரு வரிசை உண்டு. ஆறு, பாறை மாதிரி இயற்கை அடையாளம் முதலில், மனிதன் நட்ட கல் அடுத்தது, அதன் பிறகுதான் எழுதி வைத்த திசையும் தூரமும், பரப்பளவு கடைசி. "உறுதியில் (காணிப் பத்திரத்தில்) 20 பேர்ச் என்று போட்டிருக்கே, 18தானே இருக்கு" என்று கத்துகிறவர்களுக்கு இது கேட்கப் பிடிக்காது.

கல்லே இல்லாமல் போனால்?

தேட வேண்டும். எங்கள் அம்மம்மாவின் வளவு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. சண்டைக் காலத்தில் இரண்டு முறை விட்டு ஓடி, திரும்பி வந்து வேலி அடைத்து, பிறகு 2004 டிசம்பரில் கடல் வந்து வேலி, கதியால், கிணற்றுக் கட்டு எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த வளவுக்காரர் தன் பக்கம் ஆறு அடி குறைகிறது என்றார், மாமா இல்லவே இல்லை என்றார். இரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கடைசியில் சேவயர் பழைய பிளானில் இருந்த தூரங்களை, இடியாமல் நின்ற ஒரு மதகிலிருந்து திரும்ப அளந்து ஓர் இடத்தைக் காட்டி அலவாங்கால் குத்தச் சொன்னார். ஒன்றரை அடி மணலுக்குக் கீழே "டங்" என்று சத்தம். மண்ணைத் தள்ளிப் பார்த்தால் தலையில் அம்புக்குறி வெட்டிய கருங்கல். ஆறு அடி என்றவருக்கும் இல்லை, இல்லவே இல்லை என்ற மாமாவுக்கும் இல்லை, நடுவிலே இருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

நாடுகளும் மாநிலங்களும் செய்வது இதேதான், அலவாங்கு மட்டும் கொஞ்சம் விலை கூடியது. அமெரிக்காவில் வட கரோலினாவும் தென் கரோலினாவும் 18ஆம் நூற்றாண்டில் எல்லை போட்டபோது பல இடத்தில் மரத்தில்தான் வெட்டுப் போட்டு அடையாளம் வைத்தார்கள். மரம் இருநூறு வருடம் நிற்குமா? அதனால் அண்மையில் திரும்ப அளந்தவர்கள், எல்லையோரத்துத் தனியார் காணிகளின் உறுதிகளைப் பின்னோக்கித் தேடிப் போய், "வடக்கே: மாகாண எல்லைக் கோடு" என்று எந்த உறுதி சொல்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கோட்டைத் திரும்பக் கட்டினார்கள். அரசாங்கத்தின் எல்லையைச் சாதாரண ஆட்களின் காணி உறுதி காப்பாற்றிக் கொடுத்த கதை அது. 2017 ஜனவரி 1 முதல் திருத்திய கோடு நடைமுறைக்கு வந்தது. 19 வீடுகள் அசையாமல் நின்றபடியே மாநிலம் மாறின. ஒரு பெற்றோல் செட்டுக்காரர் தென் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பார்த்தால் வட பக்கம், அங்கே எரிபொருள் வரி கூட.

அந்தக் காலத்து அளவை அவ்வளவு பிழையா?

கருவியை வைத்துப் பார்த்தால் அதிசயிக்கத்தக்க அளவுக்குச் சரி. ஆனால் பிழை வரும் வழி நிறைய. அளக்கும் சங்கிலி 66 அடி, 100 கண்ணி, 80 சங்கிலி ஒரு மைல். இழுத்து இழுத்து அது ஒரே ஒரு அங்குலம் நீண்டுவிட்டால் மைலுக்கு ஆறு அடி எட்டு அங்குலம் போய்விடும். திசைகாட்டியில் ஒரு பாகை தப்பினால் மைலுக்கு 92 அடி. காட்டுக்குள்ளே, சேற்றுக்குள்ளே, கூலி வராத ஆட்களோடு, நுளம்புக் கடிக்கு நடுவில் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீள அடிக்கோடு (மற்ற அளவுக்கெல்லாம் தொடக்கமான கோடு) ஒன்றை அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரைத் தொன் எடையுள்ள தியோடலைட்டை (கோணம் அளக்கும் கருவி) மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் சோர்ந்து போகவில்லை, ஆறு வாரம் கூடாரத்துக்குள் இருந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். நம் பக்கத்தில் நில அளவைத் திணைக்களம் லாம்டன் தொடங்கியதற்கும் இரண்டு வருடம் முந்தியது, 1800 ஓகஸ்ட் 2. அதற்கும் முன்பே ஒல்லாந்தர் தோம்பு எழுதி வைத்திருந்தார்கள், ஆனால் தோம்பு யாருக்கு எந்தக் காணி என்று சொல்லும் பதிவேடு, கோணமும் தூரமும் பார்க்கிற அளவை வேறு.

சண்டையைத் தீர்க்கவே நடத்திய அளவை ஏதாவது உண்டா?

மிகப் பேர் போனது மேசன்-டிக்சன் கோடு. பென்சில்வேனியாவை வைத்திருந்த பென் குடும்பமும் மேரிலாந்தை வைத்திருந்த கல்வெர்ட் குடும்பமும் பல தலைமுறையாக இழுபறிப்பட்டு, கடைசியில் இங்கிலாந்திலிருந்து சார்ல்ஸ் மேசன், ஜெரமையா டிக்சன் என்ற இருவரை வரவழைத்தார்கள். 1763 தொடங்கி 1767 வரை வேலை. பிலடெல்பியா நகரின் தென்கோடியிலிருந்து 15 மைல் தெற்கே என்பதுதான் கணக்கு, அந்த அட்சரேகையை நட்சத்திரம் பார்த்துப் பிடித்தார்கள். மைலுக்கு ஒரு கல், ஐந்து மைலுக்கு ஒரு பெரிய கல், பெரிய கல்லில் ஒரு பக்கம் பென் குடும்பச் சின்னம், மறுபக்கம் கல்வெர்ட் சின்னம். கல்லைக்கூடக் கப்பலில் இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்தார்கள்! அமெரிக்காவில் கல் இல்லையா என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே சந்தேகம்தான்.

இன்றைய ஜீபிஎஸ்ஸை வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு சில இடத்தில் சில நூறு அடி ஆடுகிறது. நட்சத்திரம் பார்க்கும் கருவியை நேராக நிறுத்த உதவும் தூக்குக் குண்டே மலைப் பக்கத்தில் நேராகத் தொங்காது, மலை இழுக்கும். இருந்தாலும் கோடு கோடுதான்.

பிழை என்று தெரிந்த பிறகும் ஏன் திருத்துவதில்லை?

முழுப் பக்கத்துக்கும் இதுதான் உயிர்க் கேள்வி, ஆறுதலாகச் சொல்கிறேன்.

அளந்தது சரியா என்று நீதிமன்றம் இரண்டாவதாகத்தான் கேட்கும். அளந்து கல் நட்ட அன்று நீ என்ன செய்தாய், அதற்குப் பிறகு ஐம்பது வருடம் என்ன செய்தாய் என்பதுதான் முதல் கேள்வி. பேசாமல் இருந்திருந்தால், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரி வாங்கி, தெரு போட்டு, பள்ளிக்கூடம் கட்டி வாழ்ந்திருந்தால், அந்தக் கோட்டை நீயும் ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு.

அமெரிக்காவில் நான்கு மாநிலம் சந்திக்கும் ஒரு புள்ளி இருக்கிறது, சுற்றுலாக்காரர் ஒரு கை ஒரு கால் ஒவ்வொரு மாநிலத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். சட்டம் எழுதியவர்கள் நினைத்த இடத்திலிருந்து அது சுமார் 1800 அடி விலகி நிற்கிறது. 1925இல் நியூ மெக்சிக்கோவும் கொலராடோவும் தங்கள் எல்லைக் கோட்டுக்காக வழக்காடியபோது உச்ச நீதிமன்றம், அன்று அளந்து அடையாளம் போட்டு இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்ட கோடே எல்லை என்று சொல்லிவிட்டது. அதனால் அந்தச் சுற்றுலாக்காரர்கள் நிற்பது சரியான இடத்தில்தான், கவலை வேண்டாம்.

இதே கதையின் மறுபக்கம் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலம். அதன் வட எல்லை 35ஆம் பாகை என்று எழுத்தில் இருக்கிறது. 1818இல் அளந்தவர்கள் ஏறக்குறைய ஒரு மைல் தெற்கே போட்டுவிட்டார்கள். ஒரு மைல்தானே என்று நினைக்கலாம், ஆனால் அந்த ஒரு மைல் சரியாக இருந்திருந்தால் டென்னசி ஆற்றின் ஒரு வளைவு ஜோர்ஜியாவைத் தொட்டிருக்கும். வறட்சி வந்து தண்ணீர் தட்டுப்பட்ட பிறகு, 2008இலும் 2013இலும் ஜோர்ஜியா சட்டசபை எல்லையைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. பக்கத்து மாநிலமான டென்னசி அசையவில்லை. இருநூறு வருடம் சும்மா இருந்துவிட்டுத் தாகம் எடுத்த பிறகு பிளானை எடுத்தால் இதுதான் நடக்கும்.

நாடுகளுக்கு இடையிலும் இதே கணக்கா?

அப்படியேதான், இன்னும் கொடூரமாக. பிரேயா விகார் வழக்கைக் கோணேசர் மலையில் நின்று பார்த்தவர்கள் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் அதுவும் மலை விளிம்பில் நிற்கிற சிவன் கோயில். தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவில்.

1904 ஒப்பந்தம் என்ன சொன்னது? டங்ரெக் மலைத்தொடரின் நீர்பிரி கோடுதான் எல்லை, அதாவது மழை விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம். அப்படிப் பார்த்தால் கோயில் தங்கள் பக்கம் என்பது தாய்லாந்தின் வாதம். ஆனால் சியாமிடம் (அன்று தாய்லாந்தின் பெயர்) படம் வரைய ஆள் இல்லாததால் பிரெஞ்சு அதிகாரிகளையே வரையச் சொன்னார்கள். 1908இல் படங்கள் பாரிஸில் அச்சாகி வந்தன. கோயில் கம்போடியப் பக்கம் இருந்தது. சியாம் என்ன செய்தது? உள்துறையைப் பார்த்துக்கொண்ட தம்ரோங் இளவரசர் நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 பிரதி கேட்டார். 1930இல் அவரே கோயிலைப் பார்க்கப் போனபோது பிரெஞ்சு அதிகாரி சீருடையோடு, பிரெஞ்சுக் கொடியோடு வரவேற்றார். அவர் மறுப்பு ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் போய்ப் புகைப்படங்களையும் அனுப்பி வைத்தார். 1934-35இல் சியாமே அளந்து பார்த்தது, படத்துக்கும் நீர்பிரி கோட்டுக்கும் பொருந்தவில்லை என்று தெரிந்தது, அதற்குப் பிறகும் அதே படத்தைப் பாவித்தது.

1962 ஜூன் 15, ஹேக்கில் சர்வதேச நீதிமன்றம் 9க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது: கோயில் கம்போடியாவுக்கு. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஆராயவே தேவையில்லை, படத்தை ஏற்றுக்கொண்டாய், முடிந்தது. அந்த 15 பிரதி கேட்ட கடிதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசையும்.

அப்படியென்றால் அனுபவித்தவனுக்கே காணி என்றாகிவிடாதா?

ஆகாது. பெல்ஜியம்-நெதர்லாந்து எல்லையில் 91, 92 என்ற இரண்டு துண்டுக் காணி. (நாடுகளின் வழக்கில் பார்சல் இலக்கம் வருவதைப் பார்க்க எங்கள் தொழில்காரருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.) அந்த இடத்தில் ஒரே ஊருக்குள் இரண்டு நாடும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கும். 1843 எல்லை உடன்படிக்கையோடு சேர்த்த விவரம் அந்தத் துண்டுகள் பெல்ஜியத்துக்கு என்று சொன்னது. நெதர்லாந்து, அது எழுத்துப் பிழை, நாங்கள்தான் நெடுங்காலமாக அங்கே நில வரி வாங்கினோம், பிறப்புப் பதிந்தோம் என்று வாதாடியது. 1959இல் நீதிமன்றம் பெல்ஜியத்தின் பக்கம் நின்றது. உள்ளூர் அலுவலர்கள் வழக்கம்போல் செய்த பதிவு வேலை ஒரு நாட்டின் உரிமையைப் பறிக்கப் போதாது, பிழை என்று நிரூபிக்கவும் இல்லை என்று சொன்னது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக இருந்தால் எழுத்து. எழுத்தும் நிலமும் முரண்பட்டால், பெரிய இடத்தில் இருந்தவர்கள் அதைத் தெரிந்துகொண்டு எப்படி நடந்தார்கள் என்பது. கிராம அலுவலர் வரி வாங்கியதும் இளவரசர் கடிதம் எழுதியதும் ஒன்றாகாது.

இரண்டு பழைய படம் ஒன்றையொன்று மறுத்தால்?

அதுதான் தீராத தலையிடி. அசாம்-மிசோரம் சண்டையில் மிசோரம் 1875 அறிவிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அசாம் 1933 எல்லையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் போட்டது ஒரே வெள்ளைக்கார ஆட்சி. 2021 ஜூலையில் அங்கே துப்பாக்கிச் சூட்டில் அசாம் பொலிஸ்காரர் ஆறு பேர் செத்துப்போனார்கள். 58 வருட இடைவெளியில் யாரோ மேசையில் இருந்து இரண்டு விதமாகக் கோடு போட்டதற்கு.

படத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 1986இல் புர்கினா பாசோ-மாலி வழக்கில் சர்வதேச நீதிமன்றம் நறுக்கென்று சொன்னது: படம் தன்னளவில் ஒரு தகவல் மட்டும், அது ஓர் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டால்தான் சட்ட வலு வரும். சண்டை தொடங்கிய பிறகு அவசரமாக வரைந்த படத்தை யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

ஆறு எல்லையாக இருந்து, ஆறே நகர்ந்தால்?

வெருகல் பக்கம் மாரி வெள்ளம் கரையைத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பொது வழக்கு இதுதான்: ஆறு மெல்ல மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், ஒரே வெள்ளத்தில் பாய்ந்து புது வழி எடுத்தால் எல்லை பழைய வழியிலேயே நிற்கும். சொல்ல எளிது. 1864 வெள்ளத்தில் ரியோ கிராண்டே ஆறு தெற்கே தள்ளிப் போனதால் எல் பாசோ நகருக்குப் பக்கத்தில் கிளம்பிய சமிசால் சண்டை, 1911இல் நடுவர் தீர்ப்பு வந்தும் அடங்காமல், அமெரிக்காவும் மெக்சிக்கோவும் 1963இல்தான் உடன்பட்டன.

ஆறு இரண்டாகப் பிரிந்தால் இன்னும் வேடிக்கை. பொட்ஸ்வானாவுக்கும் நமீபியாவுக்கும் நடுவில் சோபே ஆற்றில் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் தீவு ஒன்று, 1890 ஒப்பந்தம் "பிரதான கால்வாய்" என்று சொல்லிவிட்டு எது என்று சொல்லாமல் போய்விட்டது. ஆழம், அகலம், நீரோட்டம் எல்லாம் பார்த்து 1999இல் தீவு பொட்ஸ்வானாவுக்குப் போனது.

கச்சதீவை அளவை தீர்த்ததா?

தேநீர்க் கடையில் எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான், ஆனால் பதில் சின்னது. இல்லை. 285 ஏக்கர் தீவு. 1921இல் சென்னை, இலங்கைப் பிரதிநிதிகள் கொழும்பில் இருந்து மீன்பிடி எல்லை பேசினார்கள். ராமநாதபுரம் ஜமீனின் பழைய உரிமைப் பத்திரங்கள் ஒரு பக்கம், இலங்கையின் பழைய ஆவணங்கள் மறுபக்கம். எந்த நீதிமன்றமும் அவற்றை நிறுத்துப் பார்க்கவில்லை. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்டார்கள், ஆறு புள்ளியின் அட்ச தீர்க்க ரேகையை எழுதி அவற்றை இணைத்தார்கள், கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைலில் போனது. கடலில் கல் நட முடியாது, அலவாங்கால் குத்தியும் பார்க்க முடியாது. அது அரசியல் முடிவு, அதைச் சரி பிழை என்று சொல்ல படம் வரைபவனுக்கு உரிமை இல்லை.

என் வளவுக்கு இதெல்லாம் உதவுமா? எங்கே தொடங்குவது?

உறுதியின் அட்டவணையைப் படியுங்கள், கடைசிப் பக்கத்தில் இருக்கும். பிளான் இலக்கம், திகதி, வரைந்தவர் பெயர் மூன்றும் அங்கே கிடக்கும். அதை வைத்து நில அளவைத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலோ, தனியார் பிளான் என்றால் அந்தச் சேவயரின் பழைய கட்டுகளை வாங்கி வைத்திருப்பவரிடமோ தேடலாம். பிளான் கையில் வந்ததும் வேலியை விட்டுவிட்டு, பிளான் போட்ட நாளிலிருந்து இன்றுவரை அசையாமல் இருக்கும் ஏதாவது ஒன்று, கிணறு, மதகு, பழைய கோயில் மதில் என்று, பிளானில் இருக்கிறதா பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்தவரையும் அளக்கும் அன்று கூப்பிட்டு வைத்திருங்கள், அவர் கண் முன்னால் கல் வெளிவந்தால் பாதி வழக்கு அங்கேயே முடியும்.

மூலப் பிரதியை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் ஓர் அலுவலகத்தில் கொடுத்த அம்மம்மாவின் உறுதியைத் திரும்ப வாங்க பதினொரு மாதம் அலைந்தோம், வந்தபோது அட்டவணைப் பக்கத்தில் தேநீர்க் குவளையின் வட்டம் ஒன்று, சரியாகப் பிளான் இலக்கத்துக்கு மேலே.